கேட்டலாக் ஒன்று சொல்லும், தராசு வேறு சொல்லும்: பட்டியல் பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கையில் இருக்கும் காசும், கேட்டலாக்கில் (காசு, நோட்டு, ஸ்டாம்ப் வகைகளைப் பட்டியல் போடும் புத்தகம்) அச்சாகியிருக்கும் வரியும் ஒத்துப்போகாத நாள், சேகரிக்கிற எல்லோருக்கும் ஒருநாள் வரும். நோட்டுக்காரர்களுக்கும் ஸ்டாம்ப்காரர்களுக்கும் இதே கதைதான். அன்றைக்கு நம்மை இரண்டு பேய் பிடிக்கும். ஊரில் யாருக்கும் கிடைக்காத வகை நமக்குக் கிடைத்துவிட்டது என்று ஒரு பேய் சொல்லும், புத்தகம் போட்டவனுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை என்று இன்னொன்று சொல்லும். இரண்டையும் இறக்கிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

என்னை முதலில் பிடித்தது இரண்டாவது பேய். தாத்தாவின் பெட்டியில் இருந்து ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட 1918 ரூபாய் ஒன்று கிடைத்தது. கேட்டலாக்கில் 11.66 கிராம் என்றிருந்தது, வீட்டுச் சமையலறைத் தராசு 10.8 என்றது. புத்தகத்தின் ஓரத்தில் மைப்பேனாவால் 'தவறு' என்று எழுதிவிட்டு, வெளியீட்டாளருக்குக் கோபமாக ஒரு கடிதமும் போட்டேன். அப்புறம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்தவர் ஒருவரின் கொலுசுப் பட்டறைக்குப் போனபோது அவர் தராசில் வைத்துப் பார்த்தால் 11.58. தேய்மானம் போக அது சரியான எடைதான். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தக்காளி நிறுக்கிற தராசுல வெள்ளிய வெச்சா இப்படித்தாங்க தம்பி காட்டும்."

அதனால் முதல் வேலை உங்கள் கருவியைச் சோதிப்பது. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு, கூடவே அதற்கான சோதனை எடைக்கல், விட்டம் அளக்க ஒரு வெர்னியர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு காந்தம், ஒரு டம்ளர் தண்ணீர். ஸ்டாம்ப் என்றால் ஓரத்துத் துளைகளை அளக்கும் அட்டையும் வேண்டும். பெரிய செலவில்லை. தராசு வாங்க வழியில்லாவிட்டால் வெள்ளி வேலை செய்கிற யாரிடமாவது நல்லபடியாகக் கேளுங்கள், சேலத்தில் அதற்கா பஞ்சம்.

தண்ணீர் எதற்கு என்று கேட்கலாம். தராசின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்து பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். காசை நூலில் கட்டி, அடியும் பக்கமும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் தராசு ஒரு எண் காட்டும், காசு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை அது. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி கிடைத்துவிடும். பிரிட்டிஷ் காலத்து ரூபாயில் 1939 வரை நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்ததில் பாதிதான் வெள்ளி, மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். இரண்டுக்கும் எடை அதே ஒரு தோலா, 11.66 கிராம், ஆகவே தராசு மட்டும் இவற்றைப் பிரித்துச் சொல்லாது. தண்ணீரில் நல்ல வெள்ளி ரூபாய் 1.13 அளவில் நிற்கும், பாதி வெள்ளி 1.2-ஐத் தாண்டும். 1947 ரூபாய் நிக்கல், காந்தத்தைக் காட்டினாலே ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும்.

உலோகத்தைப் பற்றிய பிழைகள்தான் கண்டுபிடிக்க எளிது, நிறையவும் கிடைக்கும். அட்டவணை தயாரிப்பவர் மேல் வரியில் இருந்ததை அப்படியே கீழே இழுத்துவிட்டிருப்பார், அவ்வளவுதான். நம் 5 ரூபாய்க் காசையே பாருங்கள். 1992-ல் தொடங்கியது செம்பு-நிக்கல் கலவை, 9 கிராம், காந்தம் இழுக்காது. 2007-ல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகி 6 கிராமுக்கு வந்தது, காந்தம் இழுக்கும். அப்புறம் மஞ்சள் நிற நிக்கல்-பித்தளை. விட்டம் எல்லாவற்றுக்கும் 23 மில்லிமீட்டர் என்பதால், கவனமில்லாமல் பட்டியல் போடுபவர் கை தவற இதைவிட நல்ல இடம் கிடையாது. காந்தத்தை வைத்து ஒரு வரிசை முழுவதையும் கால்மணி நேரத்தில் சரிபார்த்துவிடலாம்.

சரி, அளந்தாயிற்று, இன்னும் ஒத்துப்போகவில்லை. இப்போது கேட்டலாக்கின் முன்னுரையைப் படியுங்கள். யாரும் படிப்பதில்லை, நானும் பல வருஷம் படித்ததில்லை. நாம் பிழை என்று நினைப்பதில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். ஸ்டாம்பில் 'துளை 14, 13½' என்று போட்டிருந்தால், முதல் எண் மேலும் கீழும் உள்ள ஓரத்துக்கு, இரண்டாவது பக்கவாட்டுக்கு. அந்த எண் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை என்பதைத்தான் சொல்கிறது. ஸ்டாம்பைப் படுக்கையாகத் திருப்பி வைத்து அளந்தால் எண்கள் இடம் மாறித்தான் தெரியும். காகிதத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் நீர்க்குறியை முன்பக்கத்தில் இருந்து பார்த்தபடி வர்ணிக்கிறார்களா, நாம் வழக்கமாகப் பார்க்கிற பின்பக்கத்தில் இருந்தா என்பதும் முன்னுரையில்தான் இருக்கும். அதைப் பார்க்காமல் 'தலைகீழ் நீர்க்குறி' என்று குதிக்கக்கூடாது.

காகிதத்துக்கு இன்னொரு தொல்லை உண்டு, அதை ஏற்காட்டில்தான் கற்றுக்கொண்டேன். அங்கே ஒரு நண்பர் வீட்டில் ஐப்பசி மழையில், மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்த ஒரு மாலையில், பழைய நூறு ரூபாய் நோட்டுகளை அளந்தோம். ஒன்று மட்டும் கேட்டலாக்கில் சொன்னதைவிடக் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் அகலமாக இருந்தது. அதே நோட்டைச் சித்திரையில் சேலத்தில் அளந்தால் சரியாக இருக்கிறது. ஈரத்தில் காகிதம் விரியும், காய்ந்தால் சுருங்கும். உறையில் இருந்து தண்ணீர் விட்டுப் பிரித்த ஸ்டாம்பும் அப்படித்தான். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு யாருக்கும் கடிதம் எழுதாதீர்கள்.

அடுத்தது ஆண்டு. மெய்யான பிழைகள் மொய்க்கிற இடம் இது, பொறுமையாகப் பாருங்கள். காசில் இருக்கும் ஆண்டு, காசு அடிக்கப்பட்ட ஆண்டு, காசு வெளியே வந்த ஆண்டு மூன்றும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. விக்டோரியா ராணி படம் போட்ட 1862 ரூபாயை 1874 வரை அதே ஆண்டைப் போட்டே அடித்தார்கள். பூவேலைக்கு நடுவில் இருக்கும் புள்ளிகளை எண்ணித்தான் வகை பிரிக்கிறார்கள், புள்ளி தேய்ந்துவிட்டால் அதோடு சரி. நம் காலத்தில் இரண்டு உலோகத்தில் வந்த 10 ரூபாய்க் காசில் முதலாவதாக உள்ள ஆண்டு 2005, அது மக்கள் கைக்கு வந்தது 2009. இந்தக் காசுக்குச் சேலத்தில் நடந்த கூத்து தெரியும்தானே, பஸ்ஸிலும் பெட்டிக்கடையிலும் செல்லாது செல்லாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் 14 வடிவங்கள் இருக்கின்றன, எல்லாமே செல்லும் என்று அறிவிக்க வேண்டிவந்தது. அந்த அறிவிப்பு போன்றவைதான் நமக்கு ஆதாரம். ஒரு பட்டியல் 12 வடிவம்தான் காட்டுகிறது என்றால் எங்கே தேடவேண்டும் என்று தெரிந்துவிடும்.

எத்தனை அடித்தார்கள் என்ற எண்ணிக்கையிலும் இதே குழப்பம். நாணயச்சாலை கணக்கு நிதியாண்டுக்கு, ஏப்ரல் முதல் மார்ச் வரை. காசில் இருப்பதோ ஜனவரி ஆண்டு. ஒன்றை இன்னொன்றில் திணித்தால், இல்லாத காசுக்குக்கூட எண்ணிக்கை வந்துவிடும். இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவின் 1804 வெள்ளி டாலர். அந்த வருஷம் 19,570 டாலர் அடித்ததாக அவர்கள் கணக்கில் இருக்கிறது, ஆனால் அடித்தது 1803-ம் அதற்கு முந்தைய ஆண்டும் போட்ட பழைய அச்சில். 1804 என்று போட்ட டாலர் முதன்முதலில் பிறந்தது 1834 வாக்கில், பரிசுக்காக. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தவர்கள் அந்த 19,570 எங்கே போயிற்று என்று வெகுகாலம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நம் பக்கத்துக் காசுகளுக்கு வருகிறேன். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வரை சேலம் சீமை ஹைதர், திப்பு கையில் இருந்தது. அதனால் யானை உருவம் போட்ட அவர்களுடைய யானைக்காசு நமக்குப் புதிதல்ல. திப்பு தன் ஆட்சியின் நடுவில் இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டை விட்டுவிட்டு மவ்லூதி என்ற ஆண்டுமுறைக்கு மாறினார், எண்களையும் வலமிருந்து இடமாகப் போடச் சொன்னார். காசில் இடமிருந்து படித்தால் 5221 என்று தெரிவது 1225. மவ்லூதி ஆண்டோடு 572 கூட்டினால் ஏறக்குறைய நம் ஆண்டு வரும், இது 1797. இதில் 1221 வேடிக்கையான ஆண்டு, எந்தப் பக்கம் இருந்து படித்தாலும் 1221-தான். கணக்குப்படி அது 1793. ஆனால் ஹிஜ்ரி என்று நினைத்து, 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டும் வழக்கமான கணக்கைப் போட்டால் 1806 வரும். திப்பு இறந்ததோ 1799-ல். செத்து ஏழு வருஷம் கழித்துக் காசு அடித்த மன்னரை எந்தப் பட்டியலில் பார்த்தாலும் பென்சிலை எடுத்துவிடுங்கள். அரபி, பாரசீக எண்களில் இன்னொரு வம்பு, 7-ஐத் தலைகீழாக்கினால் 8. படத்தைத் தலைகீழாக அச்சிட்டால் ஆண்டும் மாறிப்போகும்.

ஆர்க்காட்டு ரூபாயில் ஆண்டை நம்பவே கூடாது. ஹிஜ்ரி 1172, அதாவது 1758-59 என்று போட்டுக்கொண்டே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அடித்தார்கள். புதுக்கோட்டை அம்மன் காசில் 'விஜய' என்பது தெலுங்கு எழுத்தில் இருக்கும். தமிழ்நாட்டுக் காசு, ஆகவே தமிழ் எழுத்து என்று யாராவது போட்டிருந்தால் அது காசைப் பார்க்காமல் எழுதியது.

இப்போது முக்கியமான ஒரு விஷயம். ஒரு பட்டியலில் பார்த்ததை உறுதிசெய்ய இன்னொரு பட்டியலைப் பார்ப்பது பெரும்பாலும் வீண். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதினவனை வாத்தியார் எப்படிப் பிடிப்பார்? இருவருக்கும் ஒரே தப்பு இருக்கும். அதே வழிதான். சேலத்தைப் பற்றி இணையத்தில் பல பக்கங்களில் வரி பிசகாமல் வரும் ஒரு வாக்கியம் உண்டு: கோனேரிப்பட்டியில் 1987-ல் 'ரோமப் பேரரசர் டைபீரியஸ் கிளாடியஸ் நீரோவின், கி.பி. 37-68' வெள்ளிக் காசுகள் கிடைத்தன என்று. இதைப் பிரித்துப் பாருங்கள். டைபீரியஸ் ஆண்டது 14 முதல் 37 வரை, கிளாடியஸ் 41 முதல் 54 வரை, நீரோ 54 முதல் 68 வரை. மூன்று பேர், மூன்று ஆட்சி. 37-68 என்பது நீரோ பிறந்து இறந்த ஆண்டுகள். போதாக்குறைக்கு டைபீரியஸ் பட்டத்துக்கு வருவதற்கு முன் அவருடைய சொந்தப் பெயரே டைபீரியஸ் கிளாடியஸ் நீரோ! ஆகவே இடையில் இரண்டு காற்புள்ளி விழுந்துபோனதா, ஒரே அரசரின் பெயரில் வேறொருவர் ஆண்டு ஒட்டிக்கொண்டதா என்று வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நாமாகக் காற்புள்ளி போட்டுத் திருத்தினால் அதுவும் ஊகம்தான், அடுத்தவன் அதைப் பார்த்து எழுதுவான். காசில் இருக்கும் தலையையும் எழுத்தையும் பார்த்து எழுதிய முதல் அறிக்கைக்குப் போவதுதான் வழி.

அதே வாக்கியத்தின் இன்னொரு பாதியில், ராபர்ட் புரூஸ் ஃபூட் 1917-1918-ல் இங்கே புதிய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார் என்று வரும். பழைய கற்கருவிகளைத் தேடிச் சேகரித்த நிலவியலாளர் ஃபூட் இறந்தது 1912-ல்! கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர், அங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. மேலே போகிறவர்கள் படகுத்துறையோடு திரும்பாமல் அதையும் ஒரு எட்டுப் பார்க்கலாம். அவர் சேகரித்ததைப் பற்றிய பட்டியல் நூல்கள் அவர் இறந்த பிறகு, 1914-லும் 1916-லும் அச்சாயின. அந்த அச்சான ஆண்டுகளை ஒட்டிய ஏதோ ஒன்றைக் கண்டெடுத்த ஆண்டு என்று யாரோ குழப்பியிருக்கலாம் என்பது என் ஊகம். எப்படி நுழைந்திருந்தாலும், பிறந்த தேதி இறந்த தேதியை ஒப்பிட்டாலே மாட்டியிருக்கும் பிழை இது.

'சேலம் மாவட்டத்தில் கிடைத்தது' என்று பழைய பட்டியலில் இருந்தால் அதையும் இன்றைய வரைபடத்தில் வைத்துத் தேடாதீர்கள். 1965-ல் தர்மபுரி பிரிந்தது, அதிலிருந்து 2004-ல் கிருஷ்ணகிரி. சேலத்திலிருந்தே 1997-ல் நாமக்கல் பிரிந்தது. ஓசூர்ப் பக்கத்துப் புதையல்கூடப் பழைய புத்தகத்தில் சேலம்தான். தபால் முத்திரையில் வேறு கதை. அமெரிக்காவில் மாசசூசெட்சில் ஒரு சேலம், ஓரிகனில் ஒரு சேலம். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டும் ஒன்றேதான். ஸ்டாம்ப் விழுந்துபோய் முத்திரை மட்டும் மிஞ்சிய உறையை எந்த நாட்டில் வைப்பது என்று தெரியாமல் வைத்துவிடுவார்கள். முத்திரையில் 636-ல் தொடங்கும் ஆறு இலக்க எண் இருந்தால் நம் ஊர், அதோடு 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது, ஏனென்றால் பின்கோடு வந்ததே அன்றைக்குத்தான். '1968 ஏற்காடு முத்திரை' என்று விலை போட்ட உறையில் 636601 தெரிந்தால் பேரம் பேசாமல் நகர்ந்துவிடுங்கள்.

நோட்டில் கையெழுத்துதான் சாவி. ஒரு ரூபாய் நோட்டில் நிதித்துறைச் செயலர் கையெழுத்து, மற்றதில் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்து. மன்மோகன் சிங் முதலில் செயலராக ஒரு ரூபாயில் போட்டார், பின்னால் ஆளுநராக மற்ற நோட்டுகளில் போட்டார், ஆகவே அவர் பெயரைப் பார்த்ததும் 1982-85 என்று எழுதுபவர் தவறுவார். பி.என். அதார்கர் 1970-ல் ஏறக்குறைய ஆறு வாரம்தான் ஆளுநர், ஆனாலும் அவர் கையெழுத்தில் நோட்டு உண்டு. 1985-ல் அமிதாவ் கோஷ் இருபது நாள் இருந்தார், நோட்டு வரவில்லை. பதவியில் இருந்தவர் பட்டியலைப் பார்த்து ஆளுக்கொரு வரி போட்டுக்கொண்டே போனால் இங்கேதான் ஆவி பிறக்கும். ஆவி என்றால், பட்டியலில் எண் இருக்கும், விலைகூடச் சில சமயம் இருக்கும், பொருள் மட்டும் இருக்காது. படம் இல்லாமல் பல பதிப்புகளாக நிற்கும் வரியைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஸ்டாம்பில் ஒரே தொகுதிக்கு ஒரே தேதி போட்டிருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் தொகுதியில், ஜெய்ஹிந்த் எழுதிய மூன்றரை அணா 1947 நவம்பர் 21-ல் வந்தது, மற்ற இரண்டும் டிசம்பர் 15-ல்.

விலை மாறியதைப் பிழை என்று சொல்லாதீர்கள். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த 1808 செப்புக் காசுகளை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809-ல் ஆங்கிலக் கரையிலேயே மூழ்கிவிட்டது. 1980-களில் மூட்டை மூட்டையாக மேலே எடுத்தார்கள். அதற்கு முந்தைய கேட்டலாக்கில் இருந்த விலையைப் பார்த்து இன்றைக்கு யாராவது கேட்டால், சிரித்துவிட்டு வந்துவிடலாம். 'கேட்டலாக்கிலேயே இல்லாத வகை சார்' என்று விற்க வருபவரிடமும் அப்படித்தான். டிராக்டர் போட்ட 5 ரூபாய் நோட்டுக்கு லட்சங்கள் தருவதாகச் சொல்லி, முதலில் கட்டணம் கட்டச் சொல்லும் கூட்டத்தைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது.

எல்லாம் பார்த்து, பிழை பிழைதான் என்று ஆகிவிட்டால் எழுதுங்கள். சுருக்கமாக, திட்டாமல். எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், எந்த எண் என்பது முதல் வரியில் வரட்டும், பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும். அப்புறம் அச்சாகியிருப்பது என்ன, இருக்கவேண்டியது என்ன, எதை வைத்துச் சொல்கிறீர்கள். இப்படி இருந்தால் போதும்: '5 ரூபாய், 2007. உலோகம் செம்பு-நிக்கல், எடை 9 கிராம் என்று உள்ளது. என்னிடமுள்ள நான்கு காசுகளும் காந்தத்தில் ஒட்டுகின்றன. எடை 5.97 முதல் 6.03 வரை, விட்டம் 23 மி.மீ. இரண்டு பக்கப் படமும், தராசில் இருக்கும் படமும் இணைத்துள்ளேன்.' ஒரே ஒரு காசை வைத்து எழுதாதீர்கள், அது போலியாகவோ தவறி அடித்ததாகவோ இருக்கலாம். படம் எடுப்பதற்காகப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், தயவுசெய்து. கூடவே ஆதாரம் தேடி வைத்தால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும். காசுக்கு அரசிதழில் வரும் நாணய விதிகளில் எடை, விட்டம், கலவை, எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பது வரை இருக்கும். ஸ்டாம்புக்கு அஞ்சல் துறை வெளியீட்டன்று தரும் தகவல் தாள். அதில் அச்சிட்ட எண்ணிக்கையும் அச்சகமும் இருக்கும்.

பதில் உடனே வராது. அடுத்த பதிப்பில்தான் திருத்துவார்கள், சிலர் அப்போதும் திருத்தமாட்டார்கள். அதுவரை உங்கள் புத்தகத்தின் ஓரத்தில் தேதியோடு, காரணத்தோடு குறித்து வையுங்கள், பென்சிலால். என் கேட்டலாக்கில் 1918 ரூபாய்க்குப் பக்கத்தில் நான் மையில் எழுதிய 'தவறு' இன்னும் அப்படியே இருக்கிறது.